எலிகளுக்கு அமாவாசை விடுமுறை

2002ஆம் ஆண்டு எங்கள் கல்லூரிக்குச் சமூக அக்கறையுள்ள ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்டார். ஆரணியிலிருந்து போளூர் போகும் சாலையில் இருந்த பார்மசி கல்லூரி அது. எம்.பார்ம். மாணவர்கள் அங்கே வெள்ளெலிகளை வைத்து மருந்து ஆராய்ச்சி செய்துவந்தார்கள். இனிமேல் இஷ்டத்துக்கு எலியைத் தொடக் கூடாது, விலங்கு நெறிமுறைக் குழு என்று ஒன்று அமைத்து, அது கூடிப் பேசி அனுமதி கொடுத்த பிறகுதான் தொடலாம் என்று அரசாங்க மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. குழுவில் விஞ்ஞானிகள் இருக்க வேண்டும், கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும், மேலிடம் நியமித்த ஒருவர் இருக்க வேண்டும். இவர்களோடு, விஞ்ஞானத்துக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் சமூக அக்கறையுள்ள ஒருவரும் இருக்க வேண்டும்.

விஞ்ஞானிகளுக்குப் பஞ்சமில்லை. கல்லூரியில் சம்பளம் வாங்குகிற எல்லோரையும் விஞ்ஞானி என்று போட்டுக்கொண்டோம். நான் மருந்தியல் விரிவுரையாளர், பெயர் சின்னதுரை. எலிகள் இருக்கும் அனிமல் ஹவுஸும் என் பொறுப்பில் இருந்ததால் குழுவுக்கு என்னையே செயலாளர் ஆக்கினார்கள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் பரசுராமன், கூட்டத்தில் டிபன் உண்டா என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார். சமூக அக்கறைக்குத்தான் ஆள் அகப்படவில்லை. பிரின்சிபால் தனசேகரன் மோட்டுவளையைப் பார்த்து யோசித்துவிட்டு, "நம்ம பலராமன் இருக்காரே" என்றார்.

பலராமன் பட்டுச்சேலை வியாபாரி. கைத்தறியும் உண்டு, பவர்லூமும் உண்டு. எங்கள் பெண்கள் விடுதி நடந்த கட்டடம் அவருடையது. அவருடைய சமூக அக்கறையை அதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் வருவார், வாயைத் திறக்கமாட்டார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று ஊருக்கே தெரியும். பிரின்சிபாலுக்கு அதற்கு மேல் ஒரு தகுதி தேவைப்படவில்லை.

குழுவின் முன் வந்த முதல் விண்ணப்பம் பிரிஸில்லாவுடையது. வாத்தியார் சவரிராஜின் மகள். எங்களிடமே பி.பார்ம். முடித்து, எங்களிடமே எம்.பார்ம். சேர்ந்திருந்தாள். நான்தான் அவளுக்கு வழிகாட்டி. மார்ச் மாதத்துக்குள் அவள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் விரிவுரையாளர் வேலை அவளுக்கு என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். சவரிராஜ் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். அந்த வேலையை நம்பித்தான் அந்த வீடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஆய்வு என்னவென்றால், வேலியோரம் படரும் ஒரு கொடியின் இலை எலியின் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று பார்ப்பது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எலியின் வயிற்றுக்குள் போகாத இலை என்று எதுவும் மிச்சமில்லை. எல்லா இலையும் சர்க்கரையைக் குறைத்தது. குறைக்காத இலையைப் பற்றி எந்த ஆய்வேட்டையும் நான் பார்த்ததில்லை. முறையும் ஒன்றுதான். நாலு கூண்டு, கூண்டுக்கு ஆறு எலி. ஒரு கூண்டை அப்படியே விட்டுவிட வேண்டும். மற்ற மூன்றுக்கும் ஒரு ரசாயனத்தை ஊசியில் ஏற்றிச் சர்க்கரை நோயை வரவழைக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றுக்கு மாத்திரை, ஒன்றுக்கு இலைச்சாறு, இன்னொன்றுக்கு எதுவுமில்லை. ஒரு மாதம் தினமும் கொடுத்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் கொன்று கணையத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவும் விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் இருந்தது.

முதல் கூட்டத்தில் வடையும் காபியும் வந்தன. மேலிடம் நியமித்தவர் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வடையை எடுத்தார். பிரிஸில்லா எழுந்து நின்று பத்து நிமிடம் பேசினாள். எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள். அப்போது பலராமன் வாயைத் திறந்தார்.

"தெனம் குடுப்பியாம்மா?"

"ஆமாங்க. ஒரு மாசம், தெனமும்."

"லீவு?"

பிரிஸில்லா என்னைப் பார்த்தாள். நான், "யாருக்குங்க லீவு?" என்று கேட்டேன்.

"எலிக்குத்தான். அமாவாசை அன்னிக்காச்சும் விடமாட்டீங்களா?"

பிரின்சிபால் சிரித்தார். "எலிக்கு அமாவாசை ஏதுங்க?"

"தறிக்கு மட்டும் ஏது சார்? அது மரம்தான். அன்னிக்கு நாங்க மிதிக்கமாட்டோம். பவர்லூமுக்குக்கூட மெயினை எறக்கிடறேன். மரத்துக்கும் இரும்புக்கும் லீவு வுடறோம். வாயில்லா ஜீவன் அது. மாசம் ஒரு நாள் சும்மா வுட்டா இன்னா கொறஞ்சிடும்?"

என்ன குறையும் என்று நான் விளக்கினேன். ஒரு நாள் மருந்து நின்றால் சர்க்கரை ஏறிவிடும், கணக்கெல்லாம் கோணலாகிவிடும் என்றேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எல்லா உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி செல்லும் என்று எங்கள் கல்லூரியே ஒரு விதி எழுதி வைத்திருந்தது. அதை எழுதியது பிரின்சிபால். மேலிடத்து மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுதுங்க சின்னதுரை" என்றார் பிரின்சிபால். "யார் படிக்கப் போறா?"

அமாவாசை தினங்களில் விலங்குகள் மீது எந்தச் சோதனையும் செய்யக் கூடாது என்று நானே நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். அதைப் படிக்காமலே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பலராமன் மட்டும் என்னைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட்டார்.

கூட்டம் முடிந்ததும் பிரிஸில்லா அனிமல் ஹவுஸ் வாசலில் வந்து நின்றாள். "எங்க வீட்டுக் காலண்டர்ல அமாவாசையே கெடையாது சார். சர்ச்சுல குடுத்தது" என்றாள். அழுகிற குரல்தான். எனக்கும் எரிச்சலாக இருந்தது. உலகத்தில் எத்தனையோ கல்லூரிகளில் சமூக அக்கறையுள்ளவர்கள் வடையைத் தின்றுவிட்டுப் பேசாமல் போகிறார்கள். எங்களுக்கு வாய்த்தவருக்கு அக்கறை நிஜமாகவே வந்துவிட்டது. அடுத்த வாரம் அவர் கடைப் பையன் மூலம் புது வருஷத்துத் தினசரிக் காலண்டர் ஒன்று வந்தது. மகாலட்சுமி படத்துக்குக் கீழே கடைப் பெயர். அமாவாசைத் தாள்களையெல்லாம் அவரே ஓரத்தில் மடித்து அனுப்பியிருந்தார். வேறு வழியில்லாமல் அதை எலிக் கூண்டுகளுக்கு மேலே மாட்டினோம்.

எலிகள் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. ஜனவரியில்தான் மருந்து கொடுக்க ஆரம்பிக்க முடிந்தது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நட்டநடுவில் தை அமாவாசை வந்து நின்றது. தள்ளிப் போட்டால் மார்ச் தவறிவிடும். பிரின்சிபாலிடம் போனோம். "கொடுத்துடுங்க. எலியா போய்ச் சொல்லப் போவுது?" என்றார். நான் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிரிஸில்லா தன் அப்பாவை நினைத்துக்கொண்டு, கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

தை அமாவாசை அன்று காலை அவள் இலைச்சாற்றை எலியின் வாய்க்குள் விடும் குழாயில் நிரப்பிக்கொண்டு முதல் எலியைக் கையில் எடுத்தாள். நான் பக்கத்தில் எடை எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டது. பலராமன் நின்றிருந்தார். குளத்தில் முழுகி, அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார். தலை ஈரம் காயவில்லை, நெற்றி நிறைய விபூதி.

"இன்னாம்மா, இன்னிக்கு லீவாச்சே?"

"கூண்டு கழுவலாம்னு வந்தேங்க" என்றாள் பிரிஸில்லா.

அவர் அவள் கையைப் பார்த்தார். "அது இன்னா பச்சையா கீது?"

பிரிஸில்லா எலியை மெதுவாகக் கூண்டில் விட்டாள். குழாயிலிருந்த சாற்றைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டாள். அன்றைக்கு எலிகளுக்கு லீவு கிடைத்தது. தன்னால் கிடைத்த லீவை எலிகள் எப்படிக் கழிக்கின்றன என்று பார்க்கத்தான் வந்தாராம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கூண்டாகப் பார்த்துக்கொண்டு போனார். பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தன. அவருக்குத் திருப்தியாக இருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

இரண்டாவது கூண்டுக்கு வந்ததும் நின்றார். அதில் தண்ணீர்ப் புட்டி காலியாக இருந்தது. களம்பூர் மில்லிலிருந்து வாங்கிப் பரப்பிய உமி சொதசொதவென்று நனைந்திருந்தது. ஓர் எலி காலிப் புட்டியின் குழாயை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.

"இது மட்டும் ஏன் இப்பிடி கீது?"

"இதுக்குச் சக்கரை ஜாஸ்திங்க. எவ்ளோ தண்ணி வெச்சாலும் குடிச்சிடும். ஒன்னுக்கும் போய்க்கினே இருக்கும்" என்றாள் பிரிஸில்லா, புட்டியை நிரப்பிக்கொண்டே.

பலராமன் குனிந்தார். "எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. சொம்பு சொம்பா குடிப்பேன். குடிச்சிட்டு எழுந்து எழுந்து போவேன். நாக்கு ஒட்டிக்கினு கெடக்கும். பைத்தியம் புடிச்ச மாதிரி இருக்கும்மா. ஊசி ஆரம்பிச்சப்புறம்தான் மனுஷன் ஆனேன்." அந்த எலியைக் காட்டினார். "இதுக்கு எந்த மருந்து குடுக்கறீங்க?"

"இதுக்கு எதுவும் இல்லீங்க. குடுக்காத கூண்டு ஒண்ணு இருந்தாத்தான், குடுத்ததுல கொறஞ்சுதுன்னு சொல்ல முடியும்."

"சரி. எல்லாம் முடிஞ்சப்புறம் குடுப்பீங்க."

அந்த இடத்தில் பிரிஸில்லா ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் வீட்டுக்குப் போய் அமாவாசைச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார். கூண்டு கழுவ வந்தேன் என்று ஒரு பொய் சொல்லியதிலேயே அவளுக்கு அன்றைய கணக்கு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

"இல்லீங்க. முடிஞ்சதும் எல்லாத்தையும் கொன்னுட்டு, உள்ள கணையத்த எடுத்துப் பாப்போம்."

"எல்லாத்தையுமா?"

"ஆமாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "நான் கையெழுத்துப் போட்டதுல இது இருந்துச்சா சார்?"

"ஒன்பதாம் பக்கங்க" என்றேன்.

ஒன்பதாம் பக்கத்தை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவருக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கூலிக்காரனுக்கு லீவு வாங்கிக் கொடுத்த முதலாளி மாதிரி வந்தவர், ஈர வேட்டியோடு அங்கேயே நின்றார். பிறகு, "என் கையெழுத்த அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

"பேஜாரா போச்சே" என்றார் பிரின்சிபால். கையெழுத்து இல்லையென்றால் அனுமதிச் சான்று இல்லை. சான்று இல்லையென்றால் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் வாங்காது. வேலைக்கு வேலூரிலிருந்து ஒருவர் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார். பிப்ரவரியில் குழு மறுபடி கூடியது. மேலிடத்து மனிதர், பெரும்பான்மை எதுவோ அதுவே தன் கருத்தும் என்று கையெழுத்திட்டு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார். பிரிஸில்லாவை மேசையின் கடைசியில் உட்கார வைத்தோம். அவள் எதிரே வைத்த காபியைத் தொடவில்லை.

பிரின்சிபால் தயாராக வந்திருந்தார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பட்டுச்சேலைக்கு எத்தனை ஆயிரம் புழுவ உயிரோட கொதிக்கற தண்ணியில போடறாங்க? அதுல பொழைக்கறவர் நீங்க. இருபத்து நாலு எலிக்கு வந்து நிக்கறீங்களே?"

பரசுராமன் வடையைக் கீழே வைத்தார். கேட்டிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. பலராமன் தலையை ஆட்டினார்.

"நெசந்தான் சார். அது பாவம்தான், எனக்குத் தெரியும். ஆனா அந்தப் புழுவக் கொல்றதுக்கு எவனும் என்னைக் கூட்டிக்கினு போய் உக்கார வெச்சு, இது சரிதான்னு எழுதிக் குடுன்னு கேக்கல. நீங்க கேக்கறீங்க. சரின்னு எழுதணும்னா, எனக்குச் சரின்னு படணும் இல்ல?"

பரசுராமன்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கணையம் பாக்கறதுக்குக் கூண்டுக்கு ரெண்டு போதுமே, ஆறையும் எதுக்குக் கொல்றீங்க?" என்றார். முதல் கூட்டத்திலிருந்து அவர் பேசிய முதல் விஷயம் அது.

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். ஆறு என்று எழுதியதற்குக் காரணம், போன வருஷத்து ஆய்வேட்டில் ஆறு என்று இருந்தது. அதற்கு முந்தைய வருஷமும் ஆறு. நான் அதைச் சொன்னேன். பிரிஸில்லாவைக் கேட்டோம். ரெண்டு போதும் என்றாள். எட்டு எலிகள் போகும், பதினாறு பிழைக்கும். விலங்குகளைப் பற்றி எங்கள் குழு முதன்முறையாக ஒரு முடிவு எடுத்தது. நான் எழுதிக்கொண்டேன். இத்தோடு முடிந்தது என்று பிரின்சிபால் சான்றை எடுத்துப் பலராமன் பக்கம் நகர்த்தினார்.

அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடாமல் பிரிஸில்லாவைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. அந்த மருந்தில்லாத கூண்டுல மிச்சம் இருக்குமே, அதுங்க சாவக் கூடாதுன்னு வெச்சுக்க. உன் பொறுப்புல விட்டுட்டாங்க. நீ இன்னா குடுப்பே? உன் இலையா, இன்சுலின் ஊசியா?"

விண்ணப்பத்தின் எந்தப் பக்கத்திலும் அந்தக் கேள்வி இல்லை. இலை என்று சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். கிராஃபில் இலைக் கூண்டின் கோடு இறங்கித்தான் இருந்தது. அமாவாசைக்கு மறுநாள் எகிறிவிட்டுத் திரும்பவும் இறங்கியிருந்தது. பிரின்சிபால் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். இலை என்று சொல்லிவிடேன் பெண்ணே என்று நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நான் நிஜமாகவே ஆசைப்பட்டேன்.

அவள் காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊசிங்க" என்றாள்.

"இலை?" என்று கேட்டார் பலராமன்.

"இலை கொஞ்சம் கொறைக்குதுங்க. அதை நம்பி வுட முடியாது. செத்துப் போயிடும்."

பிரின்சிபால் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பலராமன் ஜெயித்த மாதிரி எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இத நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றார். "லீவு கேட்டுக்கினு உக்காந்துட்டேன்."

பிறகு கையெழுத்துப் போட்டார். இவ்வளவு தூரம் அவஸ்தைப்பட்டது வீணாகப் போக வேண்டாம், பெண்ணின் படிப்பும் நிற்க வேண்டாம் என்றார். மிச்சமிருக்கும் சர்க்கரை எலிகளுக்கெல்லாம் உயிரோடு இருக்கும்வரை ஊசி போட வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதச் சொன்னார். எழுதினேன். இந்த முறை வந்திருந்த எல்லோரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

பிரிஸில்லாவின் ஆய்வேடு மார்ச்சில் போனது. அந்த இலை எலிகளின் சர்க்கரையைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது என்று அதில் இருந்தது. புள்ளிவிவரப்படி அது பொய்யில்லை. முதல் வகுப்பு கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. வேலூர்க்காரருக்குக் கொடுத்தார்கள். அவரிடம் ஆராய்ச்சிக்கு மூன்று இலைகள் தயாராக இருந்தன.

நான் பிரின்சிபால் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். "தன் ஆராய்ச்சி மேல தனக்கே நம்பிக்கை இல்லாத பொண்ண வெச்சு நான் எப்படிங்க காலேஜ் நடத்தறது?" என்றார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. இலையை அவள் நம்பவில்லை, நீங்களும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை, அவள் மட்டும் அதைச் சொன்னாள் என்று கத்தினேன். கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

பிரிஸில்லா சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தாள். அப்பாவையும் கூடவே அழைத்துப்போய்விட்டாள். போவதற்கு முந்தின நாள் அனிமல் ஹவுஸுக்கு வந்து, இன்சுலினை உப்புநீரில் எவ்வளவு கலக்க வேண்டும், எலியின் கழுத்துத் தோலை எப்படித் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குக் காட்டினாள். வருஷக்கணக்கில் அவளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஊசி போடுவதை மட்டும் எப்போதும் மாணவர்களிடமே விட்டிருந்தேன். "ஜல்தியா போட்டுடுங்க சார். புடிச்சிக்கினே இருந்தீங்கன்னா பயந்துக்கும்" என்றாள். பிறகு அழுதாள்.

ஊசி மருந்து பலராமன் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து வந்தது. காலையில் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் நான் போய்ப் போட்டேன். மருந்தில்லாத கூண்டுக்குப் போட்டேன். மாத்திரைக் கூண்டுக்குப் போட்டேன். இலைக் கூண்டுக்கும் ஊசியே போட்டேன். தண்ணீர்ப் புட்டிகள் காலியாவது நின்றது, உமி காய்ந்தது. ஒன்றிரண்டு எலிகள் ஒரு வருஷத்துக்கு மேலேயே இருந்தன. ஆய்வேடு கல்லூரி நூலகத்தில் இருக்கிறது, வழிகாட்டி என்று முதல் பக்கத்தில் என் பெயர் போட்டிருக்கிறது. அந்தக் கொடி அனிமல் ஹவுஸின் பின்பக்க வேலியில் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் படர்ந்திருந்தது. ஒரு நாள்கூட நான் அதிலிருந்து ஓர் இலை பறிக்கவில்லை.